இயல்பான பேச்சு தேவை

மதனவதி என்ன வேலை பார்க்கிறாள் என்று திருப்பருத்திக்குன்றத்தில் கேட்டால் வீட்டுக்கு ஒரு பதில் வரும். எதிர்வீட்டில், கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறாள் என்பார்கள். பக்கத்து வீட்டில், காதில் மாட்டிக்கொண்டு ஏதோ கேட்டபடி உட்கார்ந்திருக்கிறாள், அதற்குப் போய்ச் சம்பளமாம் என்று சிரிப்பார்கள். அவள் மாமியார் மட்டும் கொஞ்சம் மிதப்பாக, "எங்க மதனா மெஷினுக்கு தமிழ் சொல்லிக் குடுக்குது" என்பார்.

மாமியார் சொன்னதுதான் கிட்டத்தட்ட சரி. எங்கேயோ இருக்கிற ஒரு கம்பெனி, தான் வளர்க்கிற செயற்கை நுண்ணறிவுக்கு மனிதர்கள் பேசுகிற தமிழ் வேண்டும் என்று கேட்கிறது. மேடைப் பேச்சு வேண்டாம், டிவி பேச்சு வேண்டாம், காஞ்சிபுரத்துக்காரர்கள் வீட்டுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ அது வேண்டும். அந்தக் கம்பெனியின் முகத்தை ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஊருக்குத் தெரிந்த முகம் சிவபாலன்தான். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் மாடியில், ஆதார் திருத்தம், பான் கார்டு, பாஸ்போர்ட் என்று போர்டு மாட்டிக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒருநாள் அதன் கீழேயே 'ஏ.ஐ. வேலை, வீட்டிலிருந்தே' என்று இன்னொரு போர்டையும் மாட்டினான். வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தான். கோயிலுக்குக் கூடுகிற கூட்டத்தைவிட அதில் கூட்டம்.

'இயல்பான பேச்சு தேவை. இரண்டு பேர். அறிமுகமானவர்கள்' என்று குழுவில் செய்தி விழும். விழுந்த வேகத்தில் வேலை தீர்ந்தும் போகும். சாம்பார் அடிபிடிக்கிறதா என்று ஒரு நடை அடுப்படிக்குப் போய்விட்டு வந்தால் 'இடமில்லை' என்று காட்டும். நேற்று இருந்த வேலை இன்று இருக்காது, ஏன் இல்லை என்று கேட்க ஆளும் இருக்காது. அனுப்பிய பேச்சு மூன்று முறை தள்ளுபடியானால் அனுப்பியவரின் கணக்கையே மூடிவிடுவார்கள். அப்புறம் எவ்வளவு கெஞ்சினாலும் சிவபாலன், "என் கையில இன்னா இருக்குதுமா? எல்லாம் சிஸ்டம்" என்று கையை விரிப்பான்.

இதில் பேசி அனுப்புகிறவர்கள் ஒரு பக்கம், அதைக் கேட்டுச் சரிபார்க்கிறவர்கள் இன்னொரு பக்கம். மதனவதி பேசி அனுப்புவதில் ஆரம்பித்து, பரீட்சை எழுதி, சரிபார்க்கிற பக்கத்துக்கு ஏறியவள். உள்ளூர்ப் பேச்சு உள்ளூர்க் காதுக்குத்தான் பிடிபடும் என்று சரிபார்க்கிறவர்களையும் சிவபாலன் இங்கேயே பொறுக்கி எடுத்திருந்தான். மொத்தமே ஒரு கைப்பிடி ஆட்கள். அதில் ஒருத்தி மதனவதியின் நாத்தனார் தர்ஷினி. யார் சரிபார்க்கிறார் என்பதை வெளியில் மூச்சுவிடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. மதனவதியும் மூச்சுவிடவில்லை. உயிர்த்தோழி புவனேஸ்வரியிடம்கூடச் சொல்லவில்லை.

புவனேஸ்வரியிடம்கூட என்றால் அது சாதாரணக் காரியமில்லை. புவனா கூரம் கிராமத்துப் பெண். கல்லூரிக்கு ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன காலத்திலிருந்து மதனவதியின் மனசில் இருந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். கல்யாணம் ஆன பிறகும் தினம் சாயங்காலம் ஒரு போன். மதனவதி வாழ்க்கைப்பட்டது நயினார் வீடு, தமிழ்ச் சமணர்கள்; அந்த வீடுகளில் பொழுது சாய்வதற்குள் ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். விளக்கு வைத்த பிறகு சாப்பிட்டால் பூச்சி பொட்டு சோற்றில் விழுந்து ஓர் உயிர் போகும் என்று வழிவழியாக வந்த பழக்கம். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மதனவதி மொட்டை மாடிக்கு ஏறினால் அது புவனாவின் நேரம்.

"உங்க வூட்ல பாத்திரம் கவுத்துட்டீங்க, எங்க வூட்ல இன்னும் அரிசியே களையல" என்று புவனா கிண்டல் செய்துகொண்டேதான் பேச ஆரம்பிப்பாள்.

புவனாவும் சிவபாலனின் குழுவில் இருந்தாள். பேசி அனுப்புகிற பக்கம். புருஷன் வேல்முருகனை எதிரில் உட்காரவைத்து அவள் பேசி அனுப்பிய முதல் பேச்சு, யார் கண்பட்டதோ, நேராக மதனவதியின் திரைக்கே வந்து சேர்ந்தது. "காய்கறி விலை மிகவும் உயர்ந்துள்ளதே" என்று புவனா கேட்க, "ஆமாம், மழை பெய்ததால் இருக்கலாம்" என்று வேல்முருகன் ஒப்பித்தான். மதனவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. இதை ஏற்றுக்கொண்டால் மேலே தரம் பார்க்கிறவர்கள் அவளுடைய கணக்கில் கை வைப்பார்கள். மனசு கூசிற்று. கூசிக்கொண்டே 'மறுப்பு' என்பதை அழுத்தி, 'புத்தகம் படிப்பதுபோல் உள்ளது, இயல்பான பேச்சு தேவை' என்று காரணமும் எழுதினாள். இரண்டாவது முறையும் அதே கதை. இந்தத் தடவை வானிலை.

"எவளோ ஒருத்தி உக்காந்துக்கினு என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறாடி" என்று புவனா அன்று மாடிப் போனில் பொருமினாள். "புத்தகம் படிக்கிற மாதிரி இருக்குதாம். இன்னொரு தபா தள்ளினா என் அக்கவுண்டு காலி. இத நம்பித்தான் பையன இங்கிலீஷ் ஸ்கூல்ல சேத்துருக்கேன்."

மதனவதிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது, விழுங்கிவிட்டாள். அதற்கு ஈடாக யோசனை சொன்னாள்.

"நடிக்காத புவனா. பேசணும்னு நெனச்சி உக்காந்தா பேச்சு வராது. நெஜமா பேசும்போது எப்டி பேசுறியோ அப்டி இருக்கணும். நீயும் நானும் பேசிக்கல? அந்த மாதிரி."

புவனா அந்த யோசனையை நன்றாகவே கேட்டுக்கொண்டாள்.

ஆடி மாதத்தில் மதனவதிக்குக் கரு கலைந்தது. மூன்றாம் மாதம். வீடே துவண்டுவிட்டது. புருஷன் கோகுல் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். மாமியார், வீட்டில் ஒரு குழந்தை பிறக்கிறவரைக்கும் இனிப்பைத் தொடுவதில்லை என்று கோயிலில் விரதம் எடுத்துக்கொண்டார். வெல்லம் போட்ட பானகம்கூட இல்லை. எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற மனுஷி, மருமகளை ஒரு சொல் சொல்லவில்லை. தலையைத் தடவிக்கொடுத்து, "உன் தப்பு இல்லம்மா" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வார்த்தைதான் மதனவதியைக் குடைந்தது. ஏனென்றால் அவள் மனசுக்குள் இருந்தது வேறு. அதை யாரிடமாவது கொட்டாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஆனபோது ஒரு சாயங்காலம் சாப்பிடக்கூடச் செய்யாமல் மாடிக்குப் போய் புவனாவிடம் கொட்டினாள். கொட்டிய பிறகு ஒரு வாரம் நன்றாகத் தூங்கினாள். புவனா இருக்கிறாளே, போதும் என்று இருந்தது.

கார்த்திகை பிறந்து ஒரு காலை. கோகுல் முதல் ஷிப்டுக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஏறிப் போயிருந்தான். மாமியார் அடுப்படியில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மதனவதி ஹெட்போனை மாட்டிக்கொண்டு அன்றைய வேலையைத் திறந்தாள்.

முதலில் கொஞ்சம் காற்றுச் சத்தம். தூரத்தில் ஒரு மணி. அப்புறம், "பொழுது சாயுது பாரு, எறங்கி வந்து ஒரு வாய் சாப்டுட்டுப் போம்மா."

மதனவதி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"கூப்ட்டீங்களா அத்த?"

"நான் இன்னாத்துக்குக் கூப்புடப்போறேன்?"

"பொழுது சாயுது, சாப்ட வான்னீங்களே."

மாமியார் அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்து சிரித்தார். "காலங்காத்தால எங்கம்மா பொழுது சாயுது? அந்த மெஷினு உன் காதையே கெடுத்துடுச்சி. இரு, மோர் கலந்து எடுத்தாறேன்."

மதனவதியும் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டாள். காற்று, மணி, "பொழுது சாயுது பாரு." மாமியார் குரலேதான். அது ஹெட்போனுக்குள் இருந்தது. அதற்கு ஒரு பெண், "எனக்கு வேணாம் அத்த" என்று பதில் சொன்னாள். தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்டால் சட்டென்று பிடிபடாது. ஒரு நொடி, யாரடா இவள் நம் வீட்டில் என்றுதான் மதனவதிக்குத் தோன்றியது. அப்புறம், பேசுவது தான்தான் என்று புரிந்தது.

"இன்னாடி, சொல்லு" என்றது புவனாவின் குரல். 'டி'க்குப் பிறகு ஒரு சின்னக் கீச்சு. பெயர் வருகிற இடத்தை அழித்திருந்தாள்.

"எல்லாரும் அழுவுறாங்க. அவரு அழுவுறாரு. அத்த இனிப்பையே வுட்டுட்டாங்க. எனக்கு அழுகையே வரல."

"அப்புறம்?"

"டாக்டர் சொன்னப்போ அப்பாடான்னு இருந்துச்சி. இப்ப கொழந்த வேணாம்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. நான் நெனச்சேன், அது போயிடுச்சி."

"காதுல சரியா விழலடி. இன்னொரு தபா சொல்லு. சத்தமா சொல்லு."

மதனவதிக்கு அந்த இடம் நன்றாக நினைவிருந்தது. கூரத்தில் டவர் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மாடியின் அந்தக் கோடிக்குப் போய், கையை வாய்க்குக் குவித்துக்கொண்டு, வாழ்க்கையில் ஒரு முறை சொல்லவே உயிர் போன வார்த்தையை இரண்டாவது முறை சொன்னாள். இதோ, கணீரென்று பதிவாகியிருந்தது. "நான் நெனச்சேன், அது போயிடுச்சி." அப்புறம் அழுகை. "அழுதுடுடி, நான் இருக்கேன்ல" என்று புவனா. அன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் நெஞ்சு ஆறியது. இருந்தாள், உண்மைதான். போனில் பதிவு ஓடிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே இருந்தாள்.

பாவி என்று வாய்விட்டுச் சொல்ல வந்தது. பன்னிரண்டு வருஷப் பழக்கம். திட்டுவதற்குக்கூட அவளுக்குத்தானே போன் செய்து பழக்கம், இதை யாரிடம் போய்ச் சொல்ல? துரோகம் என்று கதையில் படித்திருக்கிறாள். அது 'நான் இருக்கேன்ல' என்று சொல்லிக்கொண்டு வரும் என்று யாரும் எழுதியிருக்கவில்லை.

திரையில் நான்கு பொத்தான்கள். 'தவிர்' என்று அழுத்தினால் பேச்சு அடுத்த சரிபார்ப்பவருக்குப் போகும். 'மறுப்பு' என்றால், மறுத்தது நியாயமா என்று இன்னொருவர் கேட்டுப் பார்க்க வேண்டும். 'புகார்' என்றால் சிவபாலனே உட்கார்ந்து கேட்பான். சிவபாலன் கேட்டால் காந்தி ரோடு பாதி கேட்ட மாதிரி. அடுத்தவர், இன்னொருவர் என்றெல்லாம் பெரிதாக யாரும் இல்லை, அந்தக் கைப்பிடி ஆட்கள்தான். அதில் தர்ஷினி ஒருத்தி. புவனா புத்திசாலித்தனமாகப் பெயர்களை எல்லாம் அழித்தாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிடக் கூப்பிடுகிற குரலை அழிக்க அவளுக்குத் தோன்றவில்லை, அதில்தான் பெயர் இல்லையே. பொழுதோடு சாப்பிடக் கூப்பிட்டால் அது நயினார் வீடு என்று இந்தப் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். தர்ஷினிக்கு அந்த ஆராய்ச்சிகூட வேண்டாம். அது அவளைப் பெற்றவளின் குரல்.

தர்ஷினி கேட்டால் சாயங்காலத்துக்குள் கோகுலுக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரியும். வெல்லத்தைக்கூட விட்ட மனுஷிக்கு. அப்புறம் இந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவது?

மிச்சமிருந்தது ஒரே பொத்தான். 'ஏற்பு.' ஏற்றுக்கொண்டால் பேச்சு இந்த ஊரைவிட்டுப் போய்விடும். கம்பெனிக்கு, மெஷினுக்கு, பெயர் தெரியாத தேசத்துக்கு. ஆனால் சும்மா அழுத்தினால் ஆகாது. அரைகுறையாகச் செய்தால் தரம் சரியில்லை என்று மறுபடியும் இன்னொரு காதுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒழுங்காகச் செய்ய வேண்டும். பேசியதை எல்லாம் சொல்லுக்குச் சொல் எழுத்தில் அடிக்க வேண்டும்.

அடிக்க ஆரம்பித்தாள். 'எல்லாரும் அழுவுறாங்க.' 'எனக்கு அழுகையே வரல.' மாமியார் மோர் டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றார். மதனவதியின் விரல் நின்றுவிட்டது. மாமியாருக்குக் கண்ணாடி இல்லாமல் திரையில் எழுத்து தெரியாது. அது தெரிந்தும் திரையைக் கொஞ்சம் திருப்பினாள்.

"இன்னிக்கி இன்னாம்மா பேசுறாங்க?"

"யாரோ ரெண்டு பொம்பளைங்க அத்த. ஒருத்தி அழுவுறா."

"இன்னா கஷ்டமோ, பாவம். யார் பெத்த பொண்ணோ" என்று சொல்லிவிட்டு மாமியார் டம்ளரை மேஜைமேல் வைத்தார். "கூட இருக்கிறவ எதனா ஆறுதல் சொல்றாளா?"

"சொல்றா அத்த."

"அது போதும்" என்று சொல்லிக்கொண்டே மாமியார் அடுப்படிக்குப் போய்விட்டார். மதனவதி மோரை எடுத்தாள், குடிக்க முடியவில்லை, கீழே வைத்தாள்.

அடுத்தது உணர்ச்சி. இரண்டாவதாகப் பேசுபவரின் உணர்ச்சி எது என்று கீழே வரிசையாக இருந்தது. துக்கம், கோபம், பயம், மகிழ்ச்சி, நிம்மதி. அழுகைச் சத்தம் கேட்கிறதே என்று 'துக்கம்' போட்டுவிடலாமா என்று கை போயிற்று. தப்பாகப் போட்டால் மேலே உள்ளவர்கள் பிடித்துவிடுவார்கள். 'நிம்மதி' என்பதைத் தொட்டாள். ஒப்புக்கொண்ட மாதிரி அது நீலமாகிற்று. 'பேச்சு இயல்பாக உள்ளதா?' ஐந்துக்கு ஐந்து. 'இருவரும் சம்மதித்துப் பேசியதாகத் தெரிகிறதா?' ஆம். கண்ணைத் துடைத்துக்கொண்டு 'ஏற்பு' என்பதை அழுத்தினாள். பேச்சு திரையிலிருந்து போயிற்று. அடுத்த பேச்சு வந்தது, யாரோ அண்ணனும் தம்பியும் தண்ணீர் மோட்டாருக்காகச் சண்டை போட்டார்கள்.

சாயங்காலம் மாமியார் கூப்பிடுவதற்கு முன்னாலேயே மதனவதி இலையில் உட்கார்ந்துவிட்டாள். பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் பழக்கத்தில் மாடிக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். போன் அடித்தது.

"ஏய், பாஸாயிடுச்சிடி!" புவனாவின் குரல் துள்ளியது. "அஞ்சுக்கு அஞ்சு! என் அக்கவுண்டு தப்பிச்சிது. நானும் எங்க சின்ன நாத்தனாரும் பேசிக்கினு இருந்தத அப்டியே போட்டேன். நீ சொன்ன மாதிரியே, நடிக்காம. உனக்குத்தான்டி ட்ரீட்டு."

சின்ன நாத்தனாராம். மதனவதிக்குக் கேட்க வேண்டியது எத்தனையோ இருந்தது. எப்படியடி மனசு வந்தது, அந்த 'இன்னொரு தபா சொல்லு'வுக்கு உன் நாக்கு எப்படி எழும்பியது. அதைக் கேட்டால் அழுகை வரும். அழுதால் அதுவும் நல்ல இயல்பான பேச்சாக இருக்கும். இப்போதும் அங்கே பதிவு ஓடிக்கொண்டிருக்கிறதோ என்னவோ, யார் கண்டது? இனிமேல் என்றைக்குமே அது அவளுக்குத் தெரியப்போவதில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மிக்க மகிழ்ச்சி, புவனேஸ்வரி. தங்கள் உரையாடல் ஏற்கப்பட்டதை அறிந்து மகிழ்ந்தேன்."

புவனா சிரித்தாள். "இன்னாடி, நியூஸ் வாசிக்கிற? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நான் நலமாக இருக்கிறேன். வீட்டில் அனைவரும் நலம்."

"தமாஷ் பண்ணாதடி, இன்னாது இது, புத்தகம் படிக்கிற மாதிரி..."

சிரிப்பு பாதியில் அறுந்தது. கூரத்தில் ஏதோ வீட்டில் குக்கர் சத்தம் போட்டது போனில் கேட்டது. கோயில் மணி இந்தப் பக்கம் அடித்து ஓய்ந்தது.

"மதனா" என்றாள் புவனா, மெதுவாக. "நீயா? அப்ப ரெண்டு தபா தள்ளினது..."

மதனவதி போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பேரெல்லாம் எடுத்துட்டேன்டி. ஒரு எடம் வுடாம எடுத்தேன். யாரோ பாரின்ல உக்காந்து கேப்பாங்கன்னு நெனச்சேன். எனக்கு வேற வழி தெரியல மதனா. நீதான் தள்ளினன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன்டி..." குரல் உடைந்தது. "திட்டுடி. ஏதாவது பேசுடி."

'ஒரு வார்த்த சொல்லியிருந்தா' என்றது மதனவதியைச் சுட்டது. சுட்டதையும் அவள் காட்டிக்கொள்ளவில்லை. கீழே மாமியார் வாசல் விளக்கைப் போட்டார்.

"காய்கறி விலை மிகவும் உயர்ந்துள்ளதே" என்றாள் மதனவதி. "மழை பெய்ததால் இருக்கலாம்."

"மதனா..."

காதில் விழவில்லையோ என்னவோ என்று, மாடியின் அந்தக் கோடிக்குப் போய், கையை வாய்க்குக் குவித்துக்கொண்டு, இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னாள்.